நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெறுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் காலனியிலிருந்து பால்வாடி எனும் அங்கன்வாடிக்குப் போக ஒரு பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். குடியாத்தம் பக்கம், எந்நேரமும் லாரி ஓடுகிற ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாதிக்கு மேல் பீடி சுற்றும் வீடுகள். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்த அம்மா அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. "அந்த ரோட்டத் தாண்டி யாரு இட்டுகினு போறது? இங்கியே ஆடிகினு கெடக்கட்டும்" என்று பாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கிடந்த பிள்ளைகளுக்கு முட்டையும் இல்லை, சத்துமாவும் இல்லை, பாட்டுச் சொல்லிக் கொடுக்க டீச்சரும் இல்லை. புகையிலைத் தூள் பறக்கிற திண்ணையிலேயே வளர்ந்து, நேராக ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு பால்வாடி வேண்டும் என்று ஏழெட்டு வருஷம் வாயால் கேட்டோம். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாரிடமும் கேட்டோம். எல்லாரும் சரி என்றார்கள். பிறகு ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணி எழுதினோம். அந்த நோட்டோடு போன பிறகு இரண்டு வருஷத்துக்குள் மையம் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன். பால்வாடிக்கு மட்டுமல்ல, பள்ளிக்கு டீச்சர், கழிப்பறைக்குத் தண்ணீர், பஸ், சாதிச் சான்று என்று பிள்ளைகளுக்காக எதைக் கேட்பதற்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளிக்காரர்களுக்குத் திருப்பத்தூர் கலெக்டர். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர்காரர்களுக்கு ராணிப்பேட்டை. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய ஆறு தாலுகாக்களுக்கு மட்டும்தான் சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ். இந்த வழி மூன்று மாவட்டத்துக்கும் பொது. கதவு மட்டும் வேறு.

முதல் படி: எண்ணுங்கள்

இந்த வேலையில் பாதி இந்த ஒரு படிதான் என்பது என் கருத்து. "எங்க காலனியில நெறைய கொழந்தைங்க கீதுங்க சார்" என்று சொன்னபோது அதிகாரி தலையாட்டினார். "ஆறு வயதுக்குக் கீழே 47 பேர், இதோ பெயர்" என்று நீட்டியபோது அவர் பேனாவை எடுத்தார்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி போதும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறப்புச் சான்று உண்டா, தடுப்பூசி அட்டை உண்டா, எந்தப் பால்வாடி அல்லது பள்ளியில் பெயர் இருக்கிறது, நிஜத்தில் போகிறதா, போகாவிட்டால் ஏன், பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த "ஏன்" என்ற கட்டத்தில் அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எங்கள் நோட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் "ரோடு" என்ற ஒரே சொல் இருந்தது. வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

இரண்டு பெண்களாகப் போங்கள். சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு அம்மாக்கள் திரும்பும் மாலை நேரம் எங்களுக்குச் சரியாக இருந்தது. தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைதான் சரிப்படும். போன இடத்தில் எதையும் வாங்கித் தருவதாகச் சொல்லாதீர்கள். "எழுதினுபோய் இன்னா பண்ணப்போறீங்க?" என்று கேட்பார்கள். "கேக்கப்போறோம் அக்கா, கேட்டுட்டு வந்து இன்னா சொன்னாங்கன்னு உனுக்குச் சொல்றோம்" என்ற அளவோடு நிறுத்துங்கள். அதைச் செய்தும் காட்டுங்கள். இரண்டாம் முறை போகும்போது அதே வீட்டில் டீ கொடுப்பார்கள்.

கண்ணில் படாத பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. காது கேட்காததால் உள் அறையிலேயே இருக்கிற பிள்ளை, அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதம் ஊரில் இல்லாத பிள்ளை, வயதுக்கு வந்தபின் பள்ளியை விட்டு நின்ற பெண். "வேற யாராச்சும் கீறாங்களா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக ஒருமுறை கேட்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான்கு பெயர்கள் வந்தன.

தூரத்தையும் எழுதுங்கள். பைக் மீட்டரில் பார்த்தால் போதும். ரோடு பிரச்சினையென்றால் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை எத்தனை லாரி, எத்தனை பஸ் என்று மூன்று நாள் உட்கார்ந்து எண்ணுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

அடி, தொந்தரவு, பாலியல் கொடுமை போன்றவை காதில் விழுந்தால் அவற்றை இந்த நோட்டில் எழுதவே கூடாது. நோட்டைப் பத்துப் பேர் புரட்டுவார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எண்ணிக்கையின் பலத்துக்கு நம் மண்ணிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்ற ஆய்வுக் கணக்கு அந்த வழக்கில் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

இரண்டாம் படி: சட்டம் என்ன தருகிறது என்று பாருங்கள்

கெஞ்சுவதற்கும் கேட்பதற்கும் நடுவில் இருப்பது இந்தப் படி. எங்களுக்கு உதவியது 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட ஓர் உத்தரவு. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கே அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்கிறது அது. எங்கள் 47 என்ற எண்ணுக்கு உயிர் வந்தது இங்கேதான். 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உண்டு.

பள்ளியைப் பற்றியென்றால் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது அதன் விதி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. உங்கள் பள்ளியில் 70 பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சர்தான் என்றால் நீங்கள் கேட்கப் போவது சலுகை இல்லை, பாக்கி.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒன்றை நினைவூட்டுவார்கள். முதல்வரான பிறகு காமராஜர் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது 1954 இடைத்தேர்தலில், குடியாத்தம் தொகுதியில். இரண்டு வருஷம் கழித்து, 1956-இல், மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நம் ஊர் ஓட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் உறவு இருக்கிறது என்று ஒரு தாத்தா கிராம சபையில் எழுந்து பேசினார். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

மூன்றாம் படி: ஒன்றை மட்டும் கேளுங்கள், இடத்தையும் சேர்த்துத் தேடுங்கள்

நோட்டு நிறைந்ததும் பத்துக் குறை தெரியும். பத்தையும் ஒரே மனுவில் எழுதினால் அந்த மனு பத்து மேசைக்குப் போக வேண்டும். எந்த மேசையிலும் நிற்காது. ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை. முதல் கோரிக்கையைச் சின்னதாக, ஆறு மாதத்துக்குள் முடியக்கூடியதாக எடுத்துக்கொள்வது நல்லது. பால்வாடிக்கு முன் நாங்கள் கேட்டது பள்ளி வாசலில் வேகத்தடை. அது கிடைத்ததால்தான் பெரியதற்கு ஆள் சேர்ந்தது.

கட்டடம் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது நிலம். "இடம் இருந்தா சொல்லுங்க, பாக்கலாம்" என்ற பதிலில்தான் முக்கால்வாசி மனு செத்துப்போகிறது. மனு கொடுப்பதற்கு முன்பே விஏஓவிடம் போய் ஊரில் எந்தச் சர்வே எண் நத்தம் புறம்போக்கு, எது ஊராட்சிப் பொது இடம் என்று கேளுங்கள். எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் ‘ஏ’ பதிவேட்டை அரசின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். சர்வே எண்ணை மனுவிலேயே எழுதிவிட்டால் "இடம் இல்லை" என்ற பதிலுக்கு வேலையே இல்லை.

இடம் என்று வந்ததும் ஊரா காலனியா என்ற பேச்சும் வரும். வந்தே தீரும். மறைக்காமல் முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். எங்களிடம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா, "எங்க புள்ளைங்க அங்க வராது" என்றார். நாங்கள் வாதாடவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற 47 பேரின் பட்டியலைப் படித்தோம். அதில் அவருடைய தம்பி பேத்தியின் பெயரும் இருந்தது. அவர் பிறகு கையெழுத்துப் போட்டார். எல்லா ஊரிலும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு முற்றினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நடக்கும் தூரம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்துப் பேசுங்கள். அதில் சாதி ஏற முடியாது.

நான்காம் படி: சரியான கதவு

வாயால் கேட்ட அந்த ஏழெட்டு வருஷமும் தவறான கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தோம். பால்வாடி டீச்சர், ஆயாம்மா, சத்துமாவு, முட்டை, புதிய மையம் எல்லாம் சிடிபிஓ எனும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பொறுப்பு. அவருக்கு மேலே மாவட்டத் திட்ட அலுவலர். ஆனால் கிராமத்தில் கட்டடம் கட்டுவதும் பழுது பார்ப்பதும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் வேலை, அங்கே பிடிஓ எனும் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒரே மையத்துக்கு இரண்டு கதவு. சிடிபிஓவிடம் கூரை ஒழுகுகிறது என்று எழுதினால் "ஒன்றியத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது" என்று பதில் வரும், அது அங்கேயே நின்றுவிடும். இரண்டு பேருக்கும் தனித்தனியே எழுதி, ஒருவர் மனுவின் நகலை மற்றவருக்கும் போடுங்கள்.

தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவின் தீர்மானத்துக்கு இருக்கிற எடை தனி மனுவுக்குக் கிடையாது. கூட்டத்துக்குக் கையெழுத்து மட்டும் கேட்டு நோட்டு வீட்டுக்கு வந்தால் போடாதீர்கள். எப்போது கூட்டம் என்று கேட்டு நேரில் போங்கள். பள்ளிக் கல்விக்கான உதவி எண் 14417.

பஸ் நேரத்துக்கு அந்த டிப்போவின் கிளை மேலாளர். வேலூர் மண்டலம் விழுப்புரம் கோட்டத்தில் சேர்ந்தது, ஆகவே மேல்முறையீடு அங்கே போகும். பட்டியலினச் சாதிச் சான்றுக்குத் தாசில்தார். மலைவாழ் மலையாளி, இருளர் போன்ற பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர். நம் மாவட்டத்தில் வேலூரிலும் குடியாத்தத்திலும் ஒவ்வொருவர் இருக்கிறார். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் அதற்கும் கோட்டாட்சியர் ஆபீஸ்தான்.

வேலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 60 வார்டு, நான்கு மண்டலம். அங்கே பகுதி சபை, வார்டு குழு என்று இருக்கின்றன. கவுன்சிலரிடம் அவை எப்போது கூடும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மனு

ஒரு பக்கம் போதும். கதை வேண்டாம். எங்கள் மனு ஏறக்குறைய இப்படி இருந்தது:

பொருள்: காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட 47 குழந்தைகளுக்கு அங்கன்வாடி மையம் கோருதல்.

அம்மையீர், எங்கள் காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட 47 குழந்தைகள் உள்ளனர். பெயர்ப் பட்டியல் இணைத்துள்ளோம். இப்போதுள்ள மையம் பெரிய சாலையைத் தாண்டி 1.4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மூன்று நாள் எண்ணியதில் மையம் திறக்கும் நேரத்தில் அச்சாலையில் சென்ற கனரக வாகனங்களின் கணக்கும் இணைத்துள்ளோம். இக்காரணத்தால் 47 பேரில் 9 பேர் மட்டுமே மையத்துக்குச் செல்கின்றனர். 13.12.2006 நாளிட்ட உச்ச நீதிமன்ற உத்தரவின்படி எங்கள் குடியிருப்புக்கு மையம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பொது இடத்தின் சர்வே எண் கீழே உள்ளது. எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

கீழே தேதி, முகவரி, ஒரே ஒரு போன் எண், கையெழுத்துகள். கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். மூன்று நகல் எடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போம்மா" என்றால் பணிவாக நின்றுகொண்டே இருங்கள். அதுவும் முடியாவிட்டால் அதே நாள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். முதல் தடவை நாங்கள் முத்திரை வாங்காமல் வந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்துப் போனபோது அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். அந்த நான்கு மாதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பொதுவில் கொடுக்கும் பட்டியலில் பிள்ளைகளின் பெயரும் வயதும் போதும். நோய், குறைபாடு, வீட்டுச் சண்டை எதையும் இணைக்காதீர்கள்.

ஆறாம் படி: கிராம சபை

வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் நிர்வாகம் நடந்தாலும் சபை கூட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் செல்லும்.

பேசினால் மட்டும் பயனில்லை. தீர்மானமாக எழுதப்பட வேண்டும். வாசகத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோய், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்துவிட்ட பிறகு எழுதப்படும் வரிகளை நம்பக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் உங்கள் தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நகல் கேட்டு ஒரு கடிதமும் கொடுங்கள். எங்கள் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொன்னது பத்தாவது படிக்கும் ஒரு பெண். அம்மாக்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் படி: திங்கட்கிழமை

இரண்டு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். சத்துவாச்சாரிக்கு ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். முதல் மனுவின் முத்திரை நகல், கிராம சபைத் தீர்மானம், பட்டியல் மூன்றையும் புது மனுவோடு இணையுங்கள். கணினியில் பதிந்து ஓர் எண் தருவார்கள். அந்தச் சீட்டுதான் முக்கியம். அதே எண்ணை வைத்து 1100 என்ற முதல்வர் உதவி மையத்திலும் கேட்கலாம்.

ஐந்து பேர் போனால் போதும். ஐம்பது பேரை வேன் வைத்துக் கூட்டிப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய கூலி போகும், அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். பிள்ளைகளைச் சீருடையோடு கூட்டிப்போய் நிறுத்துவது அதைவிடத் தவறு. பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறோம், அவர்கள் பள்ளியில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் தாலுகா ஆபீஸிலும் கொடுக்கலாம். நிலம் சம்பந்தப்பட்டதற்கு அது நல்ல சமயம்.

எட்டாம் படி: தகவல் கேளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. வெள்ளைத் தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. வேறு ஆபீஸ் விஷயமென்றால் அவர்களே ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. தாளில் இருப்பதைக் கேளுங்கள். இன்ன தேதியிட்ட எங்கள் மனு எந்தப் பிரிவில், எந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் இருக்கிறது? அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் தேவை. கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் புதிய மையம் கோரி வந்த மனுக்கள் எத்தனை, பரிந்துரைக்கப்பட்டவை எத்தனை? இப்படி மூன்று கேள்வி. எங்கள் கோப்பு ஒரு மேசையில் ஐந்து மாதமாக ஒரே ஒரு வரைபடத்துக்காகக் காத்திருந்தது என்று அந்தப் பதிலில்தான் தெரிந்தது. வரைபடத்தை நாங்களே விஏஓவிடம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றைக்கே கோப்பு நகர்ந்தது.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். மேல்முறையீட்டுக்குப் போகும் முன்பே வேலை நடந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணம் இல்லை என்பது பதிலாக வந்தால் எம்.எல்.ஏ. தொகுதி நிதியைக் கேளுங்கள். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் அது. ஊர் மூன்றில் ஒரு பங்கு போட முடியுமென்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பத்திரிகை நிருபரைக் கூப்பிடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் பிள்ளைகளின் முகம் படத்தில் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலைக்காரர்களுக்கு

2023 மே மாதம் அணைக்கட்டு அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் போய்ச் சேர ரோடு இல்லை. உடலையும் பாதி வழியிலிருந்து தாயே தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்தில் எதைக் கேட்டாலும் "காட்டு இலாகா அனுமதி" என்பார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை, ரேஷன் கடை, குடிநீர், சாலை உட்பட 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் தரலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே மலையில் கிராம சபைத் தீர்மானம்தான் சாவி. அது இல்லாமல் கீழே இறங்கி வந்து மனு கொடுத்தால், தீர்மானம் வாங்கி வரத் திரும்பவும் மேலே போகச் சொல்வார்கள்.

காத்திருக்கக் கூடாதவை

மேலே சொன்னவை எல்லாம் மாதக் கணக்கு. சிலவற்றுக்கு மணிக் கணக்கு.

பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகாமல் கல்யாணம் என்று தெரிந்தால் 1098-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இதைத் தடுக்கும் அதிகாரி. பத்திரிகை அடித்த பிறகு தடுப்பதைவிட, ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முன் நிச்சயப் பேச்சு நடக்கும்போதே சொல்வது அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு. கல்யாணம் நின்றதும் நம் வேலை முடிவதில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாளா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தை அந்த வீட்டில் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இரண்டு அப்பாக்கள் அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் மனம் மாறினார்கள்.

பாலியல் கொடுமையென்றால் பஞ்சாயத்தே கூடாது. சமாதானம், பணம், "பொண்ணு பேரு கெட்டுடும்" என்ற பேச்சு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 அல்லது காவல் நிலையம். குழந்தையைத் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்ல வைக்காதீர்கள். பெயரை வெளியிடுவதும் குற்றம்.

சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ முன்பணத்துக்காகக் குடும்பமே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் கோட்டாட்சியருக்கோ கலெக்டருக்கோ சொல்லுங்கள். கொத்தடிமை முறை 1976-ஆம் வருஷச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தக் கடனும் அதோடு செல்லாது. விடுவித்தபின் விடுதலைச் சான்று வாங்காமல் அந்தக் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப விடாதீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி கிடைக்காது, அடுத்த வருஷம் அதே சூளைக்குப் போவார்கள்.

கிடைத்த பிறகு

மையம் திறந்த அன்று ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் தண்ணீர் வரவில்லை. அதனால் நாங்கள் நோட்டை மூடவில்லை. மாதத்தில் ஒருநாள் இரண்டு அம்மாக்கள் போய்ப் பார்க்கிறார்கள்: எத்தனை பிள்ளை வந்திருக்கிறது, எடை போட்டார்களா, அட்டையில் எழுதினார்களா, சமையல் எண்ணெய் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு பூட்டுமா. டீச்சரைப் பிடிப்பதற்காகப் போவதில்லை. அவருக்கும் மேலிடத்தில் கேட்டு நடக்காத குறைகள் இருக்கின்றன. அவற்றை நாம் எழுதினால் அவருக்குப் பலம். தராசு பழுது என்று டீச்சர் மூன்று முறை சொல்லியும் வராதது நாங்கள் ஒரு முறை எழுதியதும் வந்தது.

பஸ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போகும் பிள்ளைகள் 23 பேர், காலை ஏழேமுக்காலுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். டிப்போவில் முத்திரை வாங்கியாயிற்று. திங்கட்கிழமை மனுவுக்கு எண்ணும் வந்துவிட்டது. பதிலில் போதிய பயணிகள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எந்த நாளில் எண்ணினார்கள் என்று தகவல் கேட்டிருக்கிறோம். அதற்குள் நாங்களும் ஸ்டாப்பில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் செவ்வாயும் வியாழனும் என் முறை.